வான்காவின் மடலில் நம்பிக்கைக்குச் சான்று

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மன்றத்து இளைஞர்கள் என் இல்லம் தேடி வந்து, 'ஐயா, ஒரு சிறுகதையில் வரும் கதைமாந்தர்க்கு நம்பிக்கை இருந்தது என்பதற்குக் கதையினின்றே சான்று காட்டுக என்று வினாத்தாளில் கேட்கின்றனர். அதனை எப்படிக் காட்டுவது?' என்று கேட்டனர். தேர்வு நெருங்குகின்றது, ஆகலின் அவர்கட்கு அவ்வினா. ஆனால், இது தேர்வோடு முடிந்துபோகும் வினாவன்று. ஒருவர் தம் உள்ளத்தில் உள்ளதை வாய்திறந்து சொல்லாத விடத்தும், அவர்தம் சொல்லினின்றும் செயலினின்றும் அதனை உய்த்துணரும் பயிற்சி இது. நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே இதற்கென வகுத்து வைத்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்படும். வெளிப்பட்டதைக் கொண்டு உள்ளதை அறிக என்பதே அவ்வியலின் அடிப்படை.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். சொல்லைப் பாராமல் பொருளுக்குள் நுழைவது, திறவுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பூட்டை ஆட்டிப் பார்ப்பது போன்றது. நம்பிக்கை என்பதன் வேர் 'நம்பு' என்பது. இன்று நாம் இச்சொல்லை 'ஐயமின்றி ஏற்றுக்கொள்ளுதல்' என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றோம். தொல்காப்பியர் காலத்திலோ 'நம்பு' என்பதற்கு நசை, அஃதாவது விருப்பம் என்பதே பொருளாயிருந்தது. உரியியலில் அவர் அவ்வாறே கூறியிருக்கின்றார். ஆக, ஒரே சொல்லினுள் ஈரிழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, 'இது நடக்கவேண்டும்' என்னும் விழைவு. மற்றொன்று, 'இது நடக்கும்' என்னும் உறுதி. முதலிழை மட்டும் இருப்பின் அதற்கு ஏக்கம் என்று பெயர். இரண்டும் முறுக்கேறி நின்றால்தான் நம்பிக்கை. கதையில் நம்பிக்கைக்குச் சான்று தேடப் புறப்படுபவர் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுதான். ஏக்கத்துக்கான சான்றை எடுத்துக்காட்டி, 'இதோ நம்பிக்கை' என்று எழுதிவிடுகின்றனர். அழுகின்ற ஒருவன் விடுதலையை விரும்புகின்றான் என்பது உண்மை. ஆனால், அது வரும் என்று அவன் எண்ணுகின்றான் என்பதற்கு அவன் கண்ணீர் சான்றாகாது.

அப்படியாயின், எது சான்றாகும்? ஒருவன் ஒன்று நடக்கும் என்று உறுதியாய் எண்ணினால், அதற்காக ஏதேனும் ஒன்றைச் செய்து வைப்பான். பிரிந்து சென்றவன் திரும்புவான் என்றிருக்கும் தலைவி நாளெண்ணுகின்றாள். அவர்வயின் விதும்பல் என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் அவள் விரல் தேய்ந்ததைக் காட்டுகின்றார். வாரான் என்று முடிவு செய்தவள் எதற்காக எண்ணப்போகின்றாள்? முல்லைத்திணைக்கு உரிப்பொருளாகிய 'இருத்தல்' என்பது வாளா உட்கார்ந்திருத்தலன்று. வருவான் என்று ஆற்றியிருத்தல். அந்தத் தேய்ந்த விரல் போன்ற ஒன்றைத்தான் சிறுகதையிலும் நாம் தேடவேண்டும்.

இனிக் கதைக்கு வருகின்றேன். நான் எடுத்துக்கொண்டது உருசிய மொழியில் அந்தோன் செகாவு எழுதிய 'வான்கா' என்னும் சிறுகதை. தமிழில் கதைகளுக்குப் பஞ்சமா என்று யாரும் வருந்தவேண்டா. மிகச் சில பக்கங்களே கொண்ட கதை இது. ஓர் இரவின் ஒரு சிறு பொழுதில் நிகழ்ந்து முடிவது. நம் வினாவுக்கு இதைவிடப் பொருத்தமானதொரு கதையை நான் கண்டதில்லை. அதனால்தான் எடுத்தேன்.

செகாவு 1860ஆம் ஆண்டில் தகன்ரோகு என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவர்தம் பாட்டனார் பண்ணையடிமையாய்ப் பிறந்து, 1841இல் பணங்கொடுத்துத் தம் குடும்பத்தை மீட்டுக்கொண்டவர். உருசியாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டதே 1861இல்தான். செகாவின் தந்தையார் கடை வைத்திருந்தார். 1876இல் கடை நொடித்துப்போயிற்று. மகன் மருத்துவம் கற்று 1884இல் தேறினார்; கல்விக்காலத்திலேயே இதழ்களுக்கு எழுதிக் குடும்பத்தைத் தாங்கினார். 'வான்கா' 1886ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள், கிறித்துப் பிறப்பு விழாவன்று, பீட்டர்சுபர்க்கு நாளிதழொன்றில் வெளிவந்தது. விழா நாளில் மக்கள் மகிழ்ந்து படிக்கும் கதைகளை இதழ்கள் வெளியிடுவது அந்நாட்டு வழக்கம். அன்று காலை விருந்துக்கு முன் இதழை விரித்தவர்களின் கையில் இவர் கொடுத்தது இக்கதை.

வான்கா சூக்கோவு ஒன்பது அகவைச் சிறுவன். தந்தையும் இல்லை, தாயும் இல்லை. தாய் பெலகேயா பண்ணை வீட்டில் பணிசெய்தவள். அவள் இறந்தபின் சிறுவனைப் பாட்டன் இருக்கும் வேலையாட்களின் அடுக்களைக்கு அனுப்பினர். அங்கிருந்து மாசுகோவில் அலியாகின் என்னும் காலணி தைப்பவரிடம் தொழில் பழக அனுப்பினர். வந்து மூன்று திங்கள் ஆகின்றன. விழாவுக்கு முந்தின இரவு, தலைவரும் தொழிலாளரும் வழிபாட்டுக்குச் சென்றுவிட்டனர். சிறுவன் தலைவரின் நிலைப்பெட்டியினின்று மைப்புட்டியையும் துருவேறிய முள்ளைக் கொண்ட தூவலையும் எடுக்கின்றான். கசங்கிய தாளொன்றை விசிப்பலகையின்மேல் விரிக்கின்றான். அதன்முன் முழந்தாளிட்டு, ஊரிலிருக்கும் பாட்டன் கான்சுதாந்தின் மக்காரிச்சுக்கு மடல் எழுதுகின்றான். கதை முழுவதும் இவ்வளவே. எழுதுவான், இடையிடையே ஊரை நினைப்பான், மீண்டும் எழுதுவான், எழுதி முடித்து அஞ்சற்பெட்டியில் போட்டுவிட்டு வந்து உறங்குவான்.

மடலில் துன்பங்கள் இருக்கின்றன. தொட்டிலாட்டுகையில் கண்ணயர்ந்துவிட்டான் என்று முடியைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப்போய் வாரால் அடிக்கின்றார் தலைவர். மீனைத் துப்புரவு செய்யச் சொன்னபோது வாற்பக்கத்தினின்று தொடங்கிவிட்டான் என்பதற்காக, அந்த மீனின் மூஞ்சியையே அவன் முகத்தில் குத்துகின்றாள் தலைவி. மூத்த தொழிலாளர்கள் சாராயம் வாங்கிவர ஓட்டுகின்றனர். தலைவர் வீட்டு வெள்ளரிக்காயைத் திருடிவரச் சொல்கின்றனர். காலையில் உரொட்டி, நண்பகலில் கூழ், மாலையில் மீண்டும் உரொட்டி. உறக்கம் நடைவழியில்; குழந்தை அழுதால் அதுவும் இல்லை. இவற்றை அடுக்கிச் சொல்லித் 'துன்பம் மிகுந்தது, ஆகவே நம்பிக்கை இருந்தது' என்று எழுதிய விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கின்றேன். துன்பம் துன்பத்துக்குத்தான் சான்று.

மாணவர் பலரும் காட்டும் மற்றொரு சான்று கதையின் கடைசிப் பத்தியில் இருக்கின்றது. மடலைப் போட்டுவிட்டு வந்த சிறுவன் இனிய நம்பிக்கைகள் தாலாட்ட ஒரு மணிநேரத்தில் ஆழ்ந்து உறங்கினான் என்னும் கருத்துப்பட ஆசிரியரே அங்குச் சொல்லிவிடுகின்றார். நம்பிக்கை என்னும் சொல்லே அங்கிருக்கின்றது. அடிக்கோடிட்டால் மதிப்பெண் உறுதி. அது தவறன்று. ஆனால், அஃது ஆசிரியர் கூற்று. ஊரில் ஒருவரைப் பற்றி, 'அவர் நல்லவர்' என்று பிறர் சொல்லக் கேட்பதற்கும், அவர் செய்ததை நாமே கண்ணால் காண்பதற்கும் வேற்றுமை உண்டன்றோ? ஆசிரியர் அச்சொல்லை எழுதாமலேயே விட்டிருந்தாலும் நம்பிக்கை அங்கே இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்று காட்டுவதே நம் வேலை.

உறையைப் பாருங்கள். எழுதி முடித்த தாளை நான்காக மடித்து, முந்தின நாள் ஒரு கோப்பெக்குக்கு வாங்கிவைத்திருந்த உறையினுள் இடுகின்றான். முந்தின நாள்! இதைப் படிப்பவர் பலரும் இச்சொல்லில் நிற்பதே இல்லை. அடிபட்ட வலியில் அன்றிரவு திடுமெனத் தோன்றிய எண்ணமன்று இம்மடல். ஆளில்லாத இரவு எது என்று அவன் பார்த்துவைத்திருக்கின்றான். அதற்கு முன்பே உறையை வாங்கி மறைத்துவைத்திருக்கின்றான். ஒரு கோப்பெக்கு என்பது உரூபிளில் நூற்றில் ஒரு பங்கு. மாசுகோக் கடைகளில் துமுக்கி ஒன்றின் விலை நூறு உரூபிள் இருக்கும் என்று அவனே பாட்டனுக்கு எழுதுகின்றான். அதாவது, பதினாயிரம் உறைகளின் விலை. நகரின் செல்வமெல்லாம் அவனுக்குக் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது. அவனுக்குக் கூலி கொடுத்ததாகக் கதையில் ஓர் எழுத்தும் இல்லை. அந்த ஒரு காசு எங்கிருந்து வந்தது என்பதும் சொல்லப்படவில்லை. எங்கிருந்து வந்தாலும், அதனைத் தின்பண்டத்துக்குச் செலவிடாமல் உறைக்குச் செலவிட்டிருக்கின்றான், பசித்த ஒன்பது அகவைச் சிறுவன். தேய்ந்த விரல் என்று சொன்னேனே, இதுதான் அது.

அதே முந்தின நாளில் மற்றொன்றும் செய்திருக்கின்றான். இறைச்சிக் கடையிலிருப்பவர்களைக் கேட்டிருக்கின்றான். மடல்களை அஞ்சற்பெட்டிகளில் இடவேண்டும் என்றும், அங்கிருந்து மூன்று குதிரை பூட்டிய அஞ்சல் வண்டிகளில், குடித்த வண்டிக்காரர்கள் மணியொலிக்க அவற்றை உலகெங்கும் கொண்டுசெல்வர் என்றும் அவர்கள் சொல்லியிருக்கின்றனர். வெறுமனே ஏங்குகின்றவன் வழி கேட்பதில்லை. போய்ச் சேர விரும்புபவன்தான் வழி கேட்பான்.

பிறகு, முகவரி. உறையின்மேல் ஊரிலுள்ள பாட்டனுக்கு என்று மட்டும் எழுதுகின்றான். எழுதிவிட்டுத் தலையைச் சொறிகின்றான்; எண்ணுகின்றான்; பாட்டனின் பெயரையும் சேர்க்கின்றான். இவ்விடத்தில் படிப்பவர்க்கு நகை வரும். நகையின் அடியில் நெஞ்சு பிசையும். எந்த ஊர், எந்த மாவட்டம் என்பது இல்லை. அம்மடல் போகாது என்று நமக்குத் தெரிந்துவிடுகின்றது. ஆனால், என் அன்பு மாணவர்களே, பெயரைச் சேர்த்தானே, அந்தச் சேர்க்கையைப் பாருங்கள். முகவரி குறையாயிருக்கின்றது என்பதைத் தன் அறிவுக்கு எட்டிய அளவில் அவனே உணர்ந்திருக்கின்றான், திருத்தியிருக்கின்றான். போய்ச் சேருமா சேராதா என்பதைப் பற்றிக் கவலைப்படாதவன் பெயரைச் சேர்க்கமாட்டான். நாம் நகைக்கின்ற அதே சொல்தான் அவன் நம்பிக்கைக்கு மிக வலிய சான்று. ஒரே சொல்லில் படிப்பவர்க்கு ஒன்றும் கதைமாந்தர்க்கு மற்றொன்றுமாக இருபொருள் நிற்கச் செய்தமையால் செகாவு பெரிய எழுத்தாளர்.

இனி, எனக்கு மிகவும் உவப்பான சான்று. மடலின் நடுவில், கால்நடையாகவே ஊருக்கு ஓடிவந்துவிட எண்ணியதாகவும், காலணி இல்லாமையாலும் உறைபனிக்கு அஞ்சியும் அதைக் கைவிட்டதாகவும் எழுதுகின்றான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மடலை முடித்தவுடன் என்ன செய்கின்றான்? தொப்பியை மாட்டிக்கொள்கின்றான், மேற்குப்பாயத்தை எடுத்துப் போர்த்தவும் இல்லை, உடுத்த சட்டையோடு தெருவுக்கு ஓடுகின்றான். அதே மாசுகோ, அதே பனி, அதே இரவு. ஓடிப்போக அஞ்சிய குளிர் அஞ்சல்பெட்டி வரையில் அவனுக்குத் தெரியவே இல்லை. பனியை அவன் பொருட்படுத்தவில்லை என்று ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டிடங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வேலையை நமக்கு விட்டுவிட்டார். சான்று என்பது பெரும்பாலும் ஒரு சொற்றொடரில் இராது. தொலைவில் நிற்கும் இரண்டு சொற்றொடர்களுக்கு இடையே இருக்கும். அடிக்கோடிட்டுப் படிக்கும் பழக்கமுடையார்க்கு இது கைவராது. கதையைக் குறைந்தது இருமுறை படிக்கவேண்டும்.

மடலில் பாட்டனுக்கு அவன் தரும் உறுதிமொழிகளையும் சிலர் சான்றாகக் காட்டுவர். பொடிக்குப் புகையிலை அரைத்துத் தருவேன், உனக்காக இறைவனை வேண்டுவேன், மேலாளரின் காலணியைத் துடைக்கும் வேலையையாவது கேட்டுப் பெறுவேன், இல்லையேல் ஆடுமாடு மேய்ப்பேன், பெரியவனானால் உன்னைக் காப்பேன் என்றெல்லாம் எழுதுகின்றான். அனைத்தும் எதிர்கால வினைகள். ஆனால், இதனை நான் அரைச்சான்றாகவே கொள்வேன். நீரில் மூழ்குகின்றவனும் 'கரையேற்றினால் என் உடைமை முழுவதும் தருவேன்' என்பான். அது நம்பிக்கையாகவும் இருக்கலாம், நம்பிக்கை அற்றுப்போன நிலையாகவும் இருக்கலாம். தவறு செய்தால் அடிக்கலாம் என்றும் சிறுவன் அதே மூச்சில் சேர்த்துக்கொள்வதைப் பார்க்கும்போது, அங்கே அச்சந்தான் மிகுதியாய்ப் பேசுகின்றது என்று எனக்குத் தோன்றுகின்றது. வாயைக் கோணிக் கரிய கைம்முட்டியால் கண்ணைக் கசக்கித் தேம்புவதும் மடலுக்கு இடையில்தான் நிகழ்கின்றது.

ஏவல் வினைகளோ வேறு. பண்ணை வீட்டில் விழாமரம் வைக்கும்போது, பொன்முலாம் பூசிய வாதுமைக் கொட்டை ஒன்றை எனக்காக எடுத்துப் பச்சைப் பெட்டியில் வை. ஒல்கா இகுநாத்தியெவ்னா அம்மையாரிடம் வான்காவுக்கு என்று கேள் என்கின்றான். அவ்வம்மையார்தாம் அவனுக்கு எழுதப் படிக்கவும் நூறுவரை எண்ணவும் கற்றுக்கொடுத்தவர். அவர் கொடுத்த எழுத்தறிவால்தான் இம்மடலே எழுதப்படுகின்றது. மடலின் முடிவில், வேலையாட்கள் சிலர்க்கு வணக்கம் சொல்லிவிட்டு, என் துருத்திப்பெட்டியை யார்க்கும் கொடுத்துவிடாதே என்று கேட்டுக்கொள்கின்றான். கையில் பிடித்து விரித்தும் மடக்கியும் இசைக்கின்ற, ஆர்மோனியத்தின் தங்கை போன்ற சிறு இசைக்கருவி அது.

இவ்விடத்தில் நான் என் பிழையொன்றைச் சொல்லியாகவேண்டும். பல ஆண்டுகட்கு முன், ஒரு பள்ளியில் தமிழாசிரியனாய் இருந்தபொழுது இக்கதையின் தமிழாக்கத்தைப் படியெடுத்து வகுப்பில் கொடுத்து, நம்பிக்கைக்குச் சான்று காட்டுக என்று ஐந்து மதிப்பெண் வினா ஒன்று வைத்தேன். நான் எதிர்பார்த்தது கடைசிப் பத்தியை. ஒரு மாணவன், துருத்திப்பெட்டியைக் கொடுக்கவேண்டா என்று சொன்னான் என ஒரே வரி எழுதியிருந்தான். வினாவைப் புரிந்துகொள்ளவில்லை என்று கருதிச் சுழி போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை அவன் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றான்.

'ஐயா, திரும்பிப் போகமாட்டோம் என்று நினைப்பவன் தன் பொருளை யாருக்கும் கொடுக்காதே என்று சொல்வானா?' என்று கேட்டான்.

நான், 'அது பொருளின்மேலுள்ள பற்று, தம்பி, நம்பிக்கையன்று' என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, 'நான் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறேன் ஐயா. ஊரில் என் பம்பரம் மாடத்தில் இருக்கிறது. தம்பி கேட்டால்கூடக் கொடுக்காதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்' என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மாமன் வீட்டில் அவன் எப்படி இருந்தான் என்பது எனக்குத் தெரியாமலில்லை. விடியலில் மாட்டுக்கொட்டில், பிறகு கடை, அதன்பின் பள்ளி. வகுப்பில் உறங்குவான், நானும் எழுப்பிவிட்டுக் கடிந்திருக்கின்றேன். தொட்டிலாட்டுகையில் உறங்கியதற்காக வான்கா அடிபட்ட பகுதியை அவனைக்கொண்டே உரக்கப் படிக்கவைத்தவன் நான். அன்றிரவு கதையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அவன் சொன்னதே சரி. பொருளை மீட்டெடுக்க வருவோம் என்பவன்தான் பொருளுக்குக் காவல் வைப்பான். கொட்டையைப் பச்சைப் பெட்டியில் வை என்றால், அப்பெட்டியைத் திறக்கப்போகும் கை தன் கை என்பது பொருள். 'கொடுக்காதே', 'வை' என்னும் அவ்விரண்டு ஏவல் வினைகளிலும் திரும்பி வருவேன் என்னும் எதிர்கால வினை தொக்கி நிற்கின்றது. இலக்கணம் கற்பித்தவன் நான். தொகையை விரித்தவன் அவன். மறுவாரம் மதிப்பெண்ணைத் திருத்தலாம் என்று ஏட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான் என்றனர். ஏட்டில் அந்தச் சுழி இருந்தபடியே இருந்தது.

இலக்கணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. 'உண்ண வா' என்று அழைத்தால், இன்னும் எழுந்திராதவன் 'வந்துவிட்டேன்' என்கின்றான். வராத வரவை வந்ததாகச் சொல்லும் இவ்வழக்கை விரைவு என்னும் கரணியத்தால் தொல்காப்பியர் ஏற்றார். தெளிவு என்பதையும் அவரே கூறினார்; நன்னூலாரும் அதனைக் கொண்டார். தெளிவு என்பது என்ன? நடந்தே தீரும் என்னும் உறுதி. கதைமாந்தர் பேச்சில் காலம் பிறழ்ந்து வருமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நம்பிக்கை ஒளிந்திருக்கக் கூடும்.

வான்காவின் கனவும் அத்தகையதே. ஊரில் அடுப்பு, அடுப்பின்மேல் பாட்டன் வெறுங்காலைத் தொங்கவிட்டு அமர்ந்து, அவன் மடலைச் சமையற்காரிகளுக்குப் படித்துக்காட்டுகின்றார், அடுப்பைச் சுற்றி வியூன் என்னும் நாய் வாலாட்டித் திரிகின்றது. சற்று முன்னர்தான் பெட்டியில் விழுந்த மடல், கனவில் போய்ச் சேர்ந்தேவிட்டது! பாட்டனுக்குப் படிக்கத் தெரியும் என்று கதை வேறெங்கும் சொல்லவில்லை. கனவு அந்தக் குறையையும் நிரப்பிக்கொள்கின்றது.

இதன் ஆற்றலை உணர, செகாவு 1888இல் எழுதிய மற்றொரு கதையை இதனருகில் வைத்துப் பார்க்கவேண்டும். 'உறக்கம் வருகின்றது' என்னும் கருத்துடைய தலைப்பு அதற்கு. அங்கும் காலணி தைப்பவர் வீடு, அங்கும் தொட்டில், அங்கும் ஓயாது அழும் குழந்தை. வார்க்கா என்னும் பதின்மூன்று அகவைச் சிறுமி இரவெல்லாம் தொட்டிலாட்டுகின்றாள்; கண்ணயர்ந்தால் அடி; விடிந்தால் அடுப்பு மூட்டு, காலணி துடை, படியைக் கழுவு என்று ஏவல்மேல் ஏவல். அவளும் அரைத்தூக்கத்தில் கனவு காண்கின்றாள். அக்கனவில் வருவது இறந்துபோன தந்தை. சேறு நிறைந்த பெருவழி. அவ்வழியில் சோர்ந்து விழும் மனிதர்கள். அனைத்தும் முடிந்துபோனவை, அல்லது முடிவே இல்லாதவை. அவள் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எதையும் எடுத்துவைக்கச் சொல்லவில்லை. இறுதியில் அச்சிறுமி என்ன செய்தாள் என்பதைப் படித்தவர் அறிவர். படியாதவர்க்கு இந்த மேடையில் நான் சொல்லப்போவதில்லை. இரு கதைகளும் உறக்கத்திலேயே முடிகின்றன. ஒரு குழந்தையின் உறக்கம் நமக்கு இரக்கத்தைத் தருகின்றது. மற்றொன்றின் உறக்கம் நம்மை நடுங்கவைக்கின்றது. ஒன்றில் கனவு முன்னோக்கி நிற்கின்றது, மற்றதில் முன் என்று ஒரு திசையே இல்லை. துன்பம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு காசு உறைதான் வேற்றுமை.

இதற்குத் தடையொன்று எழும். 'அந்தச் சிறுவனிடம் இருந்தது நம்பிக்கையா? அறியாமையன்றோ? மடல் போகாது, போனாலும் அந்தப் பாட்டன் வரப்போவதில்லை' என்பர். பாட்டனைப் பற்றியும் ஆசிரியர் மறைக்கவில்லை. அறுபத்தைந்து அகவை, மெலிந்த உடல், எப்பொழுதும் நகைக்கும் முகம், குடிமயக்கம் நீங்காத கண். பகலில் அடுக்களையில் உறக்கம் அல்லது சமையற்காரிகளோடு கேலி. இரவில் தட்டுக்கட்டையைத் தட்டிக்கொண்டு பண்ணையைச் சுற்றிக் காவல். பெயரனை மீட்டுவர அம்முதியவரிடம் வலிமையும் இல்லை, உரிமையும் இல்லை. இத்தடை நல்ல தடையே. ஆனால், நாம் காட்டப் புகுந்தது மடல் சேரும் என்பதையன்று. சேரும் என்று அவன் கொண்டிருந்தான் என்பதை. படிப்பவர்க்குத் தெரிந்ததைக் கதைமாந்தரின் உள்ளத்துள் ஏற்றிவிட்டால் சான்றுகள் எல்லாம் குழம்பிப்போகும். அவனுக்குத் தெரிந்த உலகில் அவன் செய்யக்கூடியவை நான்கு: உறை வாங்குதல், வழி கேட்டல், எழுதுதல், பெட்டியில் இடுதல். நான்கையும் குறைவறச் செய்தான். ஐந்தாவதாக ஒன்று உண்டு என்று அவனுக்குச் சொல்ல அந்தப் பெருநகரில் ஒருவரும் இல்லை. இறைச்சிக் கடைக்காரர்கள் வண்டியையும் மணியையும் சொன்னார்கள், முகவரியைச் சொல்லவில்லை.

வியூனைப் பற்றி ஒரு சொல் சொல்லி முடித்துக்கொள்கின்றேன். கரிய நிறமும் மரநாய் போல நீண்ட உடலும் உடைய அந்நாயை ஊரார் பின்னங்கால் ஒடிய அடித்திருக்கின்றனர், இருமுறை தூக்கிலும் இட்டிருக்கின்றனர், வாரந்தோறும் குற்றுயிராக்குகின்றனர், ஒவ்வொரு முறையும் அது பிழைத்தெழுந்துவிடுகின்றது. கதையின் கடைசி அசைவு அந்நாயின் வாலசைவு. செகாவு அதனை வேண்டுமென்றே அங்கு நிறுத்தினாரா, சிறுவன் கனவில் தானாக வந்து நின்றதா என்பதில் எனக்கே இரு மனம். கள்ளமும் பணிவும் கலந்த நாய் என்று ஆசிரியர் சொல்லியிருப்பதால், அதனை நம்பிக்கைக்குச் சான்றாக எடுக்க என் கை கூசுகின்றது. உங்களுள் யாரேனும் கதையை இன்னொரு முறை படித்துவிட்டு, எடுக்கலாம் என்றோ கூடாது என்றோ காட்டினால் ஏற்றுக்கொள்வேன். கதையின் படிகள் வாயிலருகே மேசைமேல் உள்ளன. ஆளுக்கொன்று எடுத்துச் செல்க.